கால் கிலோ அரிசியில் ஒரு பொங்கல்: வாசகர் கேள்வி பதில்

கார்த்திகை தீபத்தில் ஏற்றிய அடுப்பு பொங்கலுக்கு மறுநாள் கணுப்பிடி முடிந்துதான் அணைகிறது என்று டெல்டா மாவட்ட வாசகிகள் பலர் எழுதியிருக்கிறார்கள். பண்டிகையை விடவும் மனமில்லை, செய்து முடிக்க உடம்பிலும் தெம்பில்லை என்பதுதான் எல்லாக் கடிதங்களின் சாரமும். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கார்த்திகைக்குப் பொரி உருண்டை, அப்பம், அடை. திருவாதிரைக்குக் களி. புத்தாண்டுக்குக் கேக். போகிக்குப் போளி, வடை. அப்புறம் பொங்கல், கணு. வேலைக்கும் போய்க்கொண்டு இதையெல்லாம் செய்ய முடியவில்லை. மாமியார் எதையும் விடக்கூடாது என்கிறார். எதைத்தான் விடுவது?
– வாசகி, திருவாரூர்

மாமியார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. நாளை விட வேண்டாம், பட்டியலை விடுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் உரிய பண்டம் ஒன்றுதான். கார்த்திகைக்குப் பொரி, திருவாதிரைக்குக் களி, தை முதல் நாளுக்குச் சர்க்கரைப் பொங்கல். மற்றவையெல்லாம் கூட்டுக் குடும்பத்தில் ஆறு பெண்கள் அடுக்களையில் இருந்த காலத்தில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. வைகுண்ட ஏகாதசி பட்டினி நாள். அன்றைக்குச் சமைக்கவே வேண்டாம். மறுநாள் விரதம் முடிக்கும் பாரணைக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் போதும்.

பஞ்சாங்கத்தை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். ஏகாதசிக்கு மூன்று நான்கு நாளில் திருவாதிரை வந்துவிடும். 2025-ல் திருவாதிரையும் போகியும் ஜனவரி 13 அன்று ஒன்றாகவே வந்தன. அப்படிப்பட்ட வருடத்தில் போளியை மறந்துவிட்டு, களியையே போகிப் பண்டமாகவும் வைத்துக்கொள்ளலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

பொரி உருண்டை ஏன் சிரமம் என்றால் நம் ஊர்க் கார்த்திகை மழை. ஈரக் காற்றில் பொரி நமுத்துப்போய், பாகு சரியாக இருந்தாலும் உருண்டை சொதசொதவென்று ஆகிறது. வெறும் வாணலியில் பொரியை இளஞ்சூட்டில் புரட்டி எடுத்த பிறகு பாகு வையுங்கள். 5 டம்ளர் பொரிக்கு 1 டம்ளர் பொடித்த வெல்லம். பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டி, தட்டில் போட்டால் ‘டங்’கென்று சத்தம் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் மறுநாள் உதிரும். தாண்டினால் கையில் பிடிப்பதற்குள் இறுகிவிடும். இறுகிவிட்டால் சிறு தீயில் ஒரு நிமிடம் வைத்தால் இளகும். நேரமில்லையா? பொரியில் வெல்லத்தை உடைத்துப் போட்டுப் படையுங்கள். அதுவும் படையல்தான்.

களிக்கு ஒரு டம்ளர் பச்சரிசி, இரண்டு கரண்டி பயத்தம்பருப்பு. இரண்டையும் தனித்தனியாகச் சிவக்க வறுத்து, ரவையாக உடைத்து, மாவைச் சலித்து நீக்கிவிடுங்கள். மாவு தங்கினால் களி பசையாகிவிடும். இந்த ரவையை டிசம்பர் முதல் வாரத்திலேயே செய்து டப்பாவில் வைத்தால் திருவாதிரையன்று அரை மணி வேலைதான். பலர் வெல்லத் தண்ணீரிலேயே ரவையைக் கொட்டி, நடுவில் வேகாமல் தவிக்கிறார்கள். வெல்லம் சேர்ந்துவிட்டால் அரிசி அதற்குமேல் மலராது. முதலில் 3 டம்ளர் வெந்நீரில் ரவையைக் குக்கரில் மூன்று விசில் விட்டு வேகவைத்துக்கொள்ளுங்கள். கால் கிலோ வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, அதில் வெந்த ரவையைச் சேர்த்து நெய் விட்டுக் கிளறினால் கட்டியே தட்டாது. ‘திருவாதிரைக்கு ஒரு வாய்க் களி’ என்றுதானே சொல்லியிருக்கிறார்கள்? அண்டா அண்டாவாக யார் கேட்டது!

வீட்டில் நாங்கள் நாலு பேர். பொங்கலன்று வருகிறவர்களையும் சேர்த்தால் பத்து. ஒவ்வொரு வருடமும் ஒரு கிலோ அரிசி போட்டு, மூன்று நாள் சர்க்கரைப் பொங்கலையே சாப்பிடுகிறோம். குறைத்துப் போட்டால் பானை பொங்க மாட்டேன் என்கிறது. போன வருடம் பாலும் திரிந்துவிட்டது.
– வாசகி, கும்பகோணம்

ரேஷனில் பொங்கல் பரிசாக ஒரு கிலோ பச்சரிசி கொடுக்கிறார்கள் என்பதற்காக ஒரு கிலோவையும் பானையில் போட வேண்டும் என்றில்லை. பத்துப் பேருக்குக் கால் கிலோ பச்சரிசி, 60 கிராம் பயத்தம்பருப்பு தாராளம். வெல்லம் 400 கிராம். தித்திப்பு குறைவாக வேண்டும் என்றால் 300. நெய் 100 கிராம், முந்திரி 25 கிராம், கொஞ்சம் திராட்சை, ஏலக்காய் ஐந்து. பச்சைக் கற்பூரம் கடுகளவுதான், கூடினால் கசக்கும்.

பொங்காததற்குக் காரணம் அரிசி குறைந்தது அல்ல, பானை பெரியது. பொங்கி வழிவது அரிசியால் வருவதல்ல. பாலும், அரிசி களைந்த கழுநீரும் நுரை கட்டுவதால் வருவது. வெறும் தண்ணீர் கொதிக்குமே தவிர, பொங்காது. அதனால் 3 லிட்டர் பானை எடுத்துக்கொள்ளுங்கள். அரை லிட்டர் பால் விட்டு, மீதிக்கு அரிசியை இரண்டாம் முறை களைந்த நீரைக் கழுத்துவரை நிரப்புங்கள். பொங்கி வழிந்து குலவையிட்டதும் முக்கால் லிட்டர் அளவுக்கு மொண்டு தனியே வைத்துவிட்டு, ஊறிய அரிசியையும் வறுத்த பருப்பையும் போடுங்கள். மொண்டு வைத்த நீரை வேக வேக விட்டுக்கொண்டே வரலாம். பெரியவர்கள் செய்த முறையும் இதுதான். குக்கருக்கு மாறியதில் பலருக்கு மறந்துபோயிற்று.

பால் திரிவதற்கு வெல்லத்தின் புளிப்புத்தன்மை காரணம். பால் ததும்பிக்கொண்டிருக்கும்போது வெல்லத்தைப் போட்டால் திரியத்தான் செய்யும். அரிசி குழைந்து பாலை முழுக்க இழுத்துக்கொண்ட பிறகு, தீயைக் குறைத்து, வெல்லப்பாகை வடிகட்டி ஊற்றுங்கள். வடிகட்டாவிட்டால் மண் நறநறக்கும். அரிசி விரலில் மசியும் முன் வெல்லம் சேர்த்தால், எத்தனை நேரம் எரித்தாலும் பருக்கை பருக்கையாகவே நிற்கும். இறக்கும்போது கொஞ்சம் தளர்வாகவே இருக்கட்டும், ஆறினால் இறுகிவிடும்.

பானையைப் பற்றியும் ஒரு வார்த்தை. புது மண்பானையை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவிட்டு, உள்ளே எண்ணெய் தடவி, கழுநீர் ஊற்றி ஒரு முறை கொதிக்கவிட்ட பிறகே பொங்கல் வையுங்கள். சூடான பானையில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் நிச்சயம். பித்தளைப் பானை என்றால் ஈயம் போய்விட்டதா என்று மார்கழி தொடக்கத்திலேயே பாருங்கள். ஈயம் பூசுகிறவர் பொங்கல் நெருக்கத்தில் கிடைக்க மாட்டார். அவர் பூசுவது வெள்ளீயமாக இருக்க வேண்டும், காரீயம் நஞ்சு. மண்பானையும் பித்தளையும் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது. பொங்கலன்று காலையில் இதைக் கண்டுபிடிக்கும் வீடுகள் இருக்கின்றன.

கேஸ் அடுப்பில் வைத்தால் ஒருவர் குமிழருகிலேயே நிற்க வேண்டும். பொங்கி வழிகிற பால் தீயை அணைத்துவிடும், கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும். ‘பொங்கலோ பொங்கல்’ சத்தத்தில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. வாசலில் மூன்று செங்கல் வைத்து விறகில் செய்வது, இந்த விஷயத்தில், சுலபமும்கூட.

நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். கிறிஸ்துமஸுக்கு அக்கம்பக்கத்தில் பதினைந்து வீட்டுக்குப் பலகாரத் தட்டு போகும். அச்சுமுறுக்கு, கலகலா, அதிரசம், முறுக்கு, கேக். மூன்று ராத்திரி தூக்கமில்லை. நள்ளிரவுத் திருப்பலியில் உட்கார்ந்தே தூங்கிவிடுகிறேன்.
– வாசகி, பூண்டி

தட்டில் ஐந்து வகை இருந்தாலும் எதிர்வீட்டுப் பிள்ளைகள் முதலில் எடுப்பது அச்சுமுறுக்குதான். அதை மட்டும் கையால் செய்யுங்கள், கேக்கைப் பேக்கரியில் வாங்குங்கள், மற்ற மூன்றையும் விட்டுவிடுங்கள். வீட்டுக்கு மூன்று அச்சுமுறுக்கு, ஒரு துண்டு கேக். பதினைந்து வீட்டுக்கு 45 முறுக்கு. ஒரு சாயங்கால வேலை.

2 டம்ளர் பச்சரிசி மாவு, முக்கால் டம்ளர் பொடித்த சர்க்கரை, ஒரு முட்டை, சிட்டிகை உப்பு, ஒரு ஸ்பூன் கறுப்பு எள். தேங்காய்ப்பால் விட்டு, தோசை மாவைவிட ஒரு படி தளர்வாகக் கரைத்துக்கொள்ளுங்கள். அச்சின் அளவைப் பொறுத்து 35, 40 வரும். 45 வேண்டுமானால் இன்னும் அரை டம்ளர் மாவு கூட்டிக்கொள்ளுங்கள். தவறு நடப்பது பெரும்பாலும் அச்சில்தான். மாவு அச்சில் ஒட்டவே இல்லை என்றால் அச்சு அதிகமாகக் காய்ந்திருக்கிறது. ஒட்டிக்கொண்டு எண்ணெயில் விழ மறுத்தால் அச்சு காயவில்லை, அல்லது புது அச்சு இன்னும் பழகவில்லை. புது அச்சை முதல் நாளே எண்ணெயில் போட்டு வையுங்கள். மாவில் முக்கால் அச்சுதான் முங்க வேண்டும். மேல் விளிம்பையும் மூடிவிட்டால் முறுக்கு கழன்று வராது. சர்க்கரை கூடினால் வேகும் முன் கறுக்கும்.

குடில் வேலையைப் பிள்ளைகளிடம் முழுசாகக் கொடுத்துவிடுங்கள், நடுவில் போய்த் திருத்தாதீர்கள். தட்டில் மண் பரப்பி, டிசம்பர் 12, 13 வாக்கில் கேழ்வரகு விதைக்கச் சொன்னால் 24-ம் தேதி குடிலுக்குப் பசும்புல் தயார். காகித நட்சத்திரத்துக்குள் பழைய குண்டு பல்பு வேண்டாம், சூட்டில் காகிதம் பற்றும். எல்இடி போடுங்கள். ஒயர் இணைப்பில் மழைத் தண்ணீர் இறங்காதபடி டேப் சுற்றுங்கள்.

மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மூவருக்கும் பொங்கல் சீர் செய்ய வேண்டும். ஆளுக்கு ஒரு கட்டுக் கரும்பு, வாழைத்தார், காய்கறி, அரிசி, வெல்லம், பாத்திரம், துணி. வண்டி வாடகையே பயமுறுத்துகிறது. குறைத்தால் சம்பந்தி வீட்டில் என்ன சொல்வார்களோ?
– வாசகர், ஒரத்தநாடு

தலைப்பொங்கல் சீரும் பத்தாவது வருடச் சீரும் ஒரே கனத்தில் இருக்க வேண்டியதில்லை. தலைப்பொங்கலுக்கு உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள். அதற்குப் பிறகு பொங்கல் வைக்கத் தேவையானது மட்டும்: பச்சரிசி, வெல்லம், நெய், மஞ்சள் கொத்து, இஞ்சிக் கொத்து, இரண்டு கரும்பு, ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. ஒரு பையில் அடங்கிவிடும், பேருந்திலேயே கொண்டுபோகலாம்.

கட்டுக் கரும்பும் முழுத் தாரும் போகிற வீட்டுக்குத்தான் சுமை. சென்னையில் அடுக்குமாடியில் இருக்கிற பெண்ணுக்குத் தார் அனுப்பினால் அது பழுக்கிறபோது ஒரேயடியாகப் பழுக்கும். மாடி மாடியாக ஏறி விநியோகம் செய்ய வேண்டியவள் உங்கள் பெண். பாத்திரமும் அப்படித்தான், பரணில்தான் ஏறும்.

கரும்பைக் கடைசி நாளில் வாங்காதீர்கள். சூரக்கோட்டை, காட்டூர் பக்கம் வயலிலேயே கிடைக்கும்போது கணுவிடைவெளி நீளமாக, தோகை பச்சையாக, அடிக்கட்டை சிவக்காமல் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். வெட்டுவாயில் சிவப்பு ஓடியிருந்தால் உள்ளே புளித்திருக்கும்.

சம்பந்தி வீட்டுப் பேச்சுக்கு ஒரே மருந்து, மூவருக்கும் ஒரே மாதிரி செய்வது, அதையும் தீபாவளி முடிந்தவுடனே மூன்று பெண்களிடமும் சொல்லிவிடுவது. பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு சொன்னால்தான் அது குறையாகத் தெரியும். பணம் கொடுக்க நினைத்தால் பெண்ணின் பெயரில் போடுங்கள். சீர் கேட்டுச் சண்டை போடுகிற வீடு என்றால் அது பண்டிகைப் பிரச்சினை அல்ல, இந்தக் கேள்வி பதில் பகுதியில் தீராது.

பிள்ளைகள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் நாலு நாள் வருகிறார்கள். அந்த நாலு நாளும் நான் அடுக்களையில். அவர்கள் கூடத்தில் போன் பார்க்கிறார்கள். கேட்டால் ‘நீங்கள்தான் எங்களை விடுவதில்லை அம்மா’ என்கிறார்கள்.
– வாசகி, மயிலாடுதுறை

அவர்கள் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ‘யாராவது உதவுங்கள்’ என்றால் யாரும் எழுந்து வர மாட்டார்கள். ‘கூட்டு உன்னுடையது’ என்று ஆளுக்கு ஒரு பண்டத்தைச் சொல்லிவிடுங்கள். அளவையும் எழுதிக் கொடுங்கள். உப்புக் குறைந்தால் குறையட்டும்.

கூட்டுதான் பொங்கல் சமையலில் அதிக வேலை, அதனால் அதை இரண்டு பேருக்குக் கொடுங்கள். வழக்கமாக நடப்பது என்ன? ஏழு காயில் ஒவ்வொன்றும் அரைக் கிலோ வாங்கி, மூன்றரைக் கிலோ கூட்டு வைத்து, அதையே மறுநாளும் மூன்றாம் நாளும் சுண்டவைத்துச் சாப்பிடுவது. பத்துப் பேருக்கு ஏழு காயும் சேர்ந்து ஒரு கிலோ போதும். சந்தையில் பொங்கல் காய் என்று கூறு கட்டி வைத்திருப்பார்கள், அதில் ஒரு கூறு வாங்கினால் கணக்கு சரியாக இருக்கும். பரங்கி, அவரை, பச்சை மொச்சை, சேனை, வாழைக்காய், கத்தரி, சர்க்கரைவள்ளி. துவரம்பருப்பு 100 கிராம், சிறிய எலுமிச்சை அளவு புளி.

முதல் நாள் சாயங்காலமே மொச்சை உரித்துவிட வேண்டும். சேனையைப் புளித்தண்ணீரில் அலசினால் அரிப்பு அடங்கும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் பரங்கி கரைந்து மொச்சை கல்லாக நிற்கும். முதலில் மொச்சை, பத்து நிமிடம் கழித்துச் சேனையும் வாழைக்காயும், பிறகு அவரை, சர்க்கரைவள்ளி, கத்தரி, கடைசியில் பரங்கி. புளியை எல்லாம் வெந்த பிறகுதான் விட வேண்டும். முன்னாலேயே விட்டால் காய் விறைத்துவிடும்.

டிக்கெட் விஷயத்தையும் பிள்ளைகளிடமே விடுங்கள். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஜனவரி 13 பயணத்துக்கு நவம்பர் 14 காலை 8 மணி. உழவன், மன்னை ரயில்கள் இரண்டும் சில நிமிடங்களில் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். டிக்கெட் கிடைக்காதவர் குடியரசு தின விடுமுறையில் வரட்டும். அப்போது சம்பா அறுவடையும் நடக்கும், ஊரும் கூட்டமில்லாமல் இருக்கும்.

போகிக்கு வீடு முழுக்க வெள்ளையடித்தே ஆக வேண்டுமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

வேண்டாம். நம் பகுதியில் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை பெய்கிறது, ஜனவரியில் சுவர் உள்ளே ஈரமாகவே இருக்கும். அதன்மேல் டிஸ்டெம்பர் அடித்தால் சித்திரைக்குள் செதில் செதிலாக உரியும். வாசல் திண்ணைக்கும் அடுப்படிச் சுவருக்கும் சுண்ணாம்பு மட்டும் அடியுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை ஒரு நாள் முழுக்க நீற்றி, வடிகட்டி, கொஞ்சம் கஞ்சி கலந்து, மெல்லியதாக இரண்டு கை. மொத்தமாக ஒரே கை அடித்தால் கையில் ஒட்டும். பெரிய வேலையைப் பங்குனிக்குத் தள்ளிப்போடுங்கள். பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துவது போகியில் எங்கும் சொல்லப்படவில்லை.

எங்களிடம் இப்போது மாடு இல்லை, டிராக்டர்தான். மாட்டுப் பொங்கல் வைக்கலாமா? அண்ணன் வீட்டில் நாலு மாடு உண்டு. போன வருடம் பொங்கல் ஊட்டிய மறுநாள் ஒரு பசு படுத்துவிட்டது.
– வாசகர், மன்னார்குடி

டிராக்டரைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டுங்கள். தனிப் பொங்கல் வைக்க வேண்டாம்; அண்ணன் வீட்டுத் தொழுவத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரே பானை வையுங்கள். ஒரு நாள் சமையல் மிச்சம்.

பசு படுத்ததற்குப் பெரும்பாலும் பொங்கலே காரணமாக இருக்கும். வெந்த அரிசியும் வெல்லமும் மாட்டின் பெருவயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகும். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஆசையாக ஆளுக்கு ஒரு இலை ஊட்டினால் மாடு தாங்காது. ஒரு மாட்டுக்கு ஒரு கைப்பிடிதான், அதையும் ஒருவரே ஊட்ட வேண்டும். பிள்ளைகள் வாழைப்பழத்தோல், அகத்திக்கீரை கொடுக்கட்டும். மீந்ததைத் தொட்டியில் கொட்டாதீர்கள். இடதுபுற வயிறு உப்பி, அசை போடுவது நின்றால் மறுநாள்வரை காத்திருக்காமல் 1962-ஐ அழையுங்கள், கால்நடை மருத்துவ ஊர்தி வரும். கொம்புக்கு எனாமல் பெயின்ட் வேண்டாம், ஒன்றையொன்று நக்கும். காவியும் மஞ்சளும் போதும்.

தஞ்சைப் பெரிய கோயில் நந்திக்கு அன்று காய்கனி அலங்காரம் நடக்கும். மாடில்லாத வீட்டுப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகலாம்.

கணுப்பிடிக்கு ஐந்து வகைக் கலந்த சாதம் செய்தே பழகிவிட்டோம். காவிரிக் கரைக்கும் போக முடிவதில்லை. குறைக்க வழி உண்டா?
– வாசகி, திருவையாறு

கணு வைப்பது உடன்பிறந்தான் நன்றாக இருக்க வேண்டும் என்று. கலந்த சாதம் அதற்குப் பிந்திய சாப்பாடு, அதில் இரண்டு வகை போதும்: புளியோதரையும் தயிர்சாதமும். புளிக்காய்ச்சலை ஒரு வாரம் முன்பே செய்து வைக்கலாம். கணுப்பிடிக்குத் தனியாக வடிக்க வேண்டாம். தை முதல் நாள் வெண்பொங்கலில் ஒரு கிண்ணம் எடுத்து வைத்து, ஒரு பங்கில் மஞ்சளும் இன்னொன்றில் குங்குமமும் பிசைந்து, ஒன்றை வெள்ளையாகவே விட்டால் மூன்று நிறம். வகைக்கு ஐந்து பிடி, சுண்டைக்காய் அளவு. பானையில் கட்டிய மஞ்சள் கொத்தின் இலையை வெட்டாமல் வைத்திருங்கள். அதுதான் மறுநாள் இலை. மொட்டை மாடியில், சூரியன் எழும் முன்பு வைத்தால் போதும். மாடியில் குரங்கு வரும் தெரு என்றால் காகம் கொத்தும்வரை ஒருவர் நிற்க வேண்டியிருக்கும்.